ஏழாம் எண்

ஏழாம் எண் துப்பாக்கி ஒரு முறை சுடும்.
அப்புறம் தொண்டையில் முள் சிக்கினாற்போல் நிற்கும்.
வெற்றுக் கூடு வெளியே போகாமல்
வாசலிலேயே நட்டமாய்,
பஸ் படிக்கட்டில் தொற்றிக்கொண்டவனைப் போல.

"கனி, இதைப் பார்" என்று மேசையில் கிடத்திப் போனார்
கேப்டன் வஜீஹ்.
ராஸ் அல் கைமாவுக்கு வெளியே
மலை வெந்துகொண்டிருக்கும் அடிவாரத்தில் எங்கள் சுடுகளம்.
விடுமுறைக் கூட்டம்.
காசு கொடுத்துச் சுட வந்தவர்கள்
காதுமூடி மாட்டி வரிசையில் நிற்கிறார்கள்.

நான் ஏ.சி. மெக்கானிக்காக வந்தவன்.
கம்ப்ரஸருக்கும் இதற்கும் நியாயம் ஒன்றுதான்:
காஸ் போகவேண்டிய இடத்துக்குப் போகிறதா, இல்லையா.

குண்டு குழலைக் கடக்கிறபோது
பின்னால் வரும் புகையில் ஒரு சிட்டிகை
ஊசித் துளை வழியே மேலேறிப் பிஸ்டனை உதைக்கும்.
அந்த ஓர் உதையில்தான் எல்லாம்.
பூட்டுத் திறக்கும், கூடு பறக்கும்,
ஸ்பிரிங் திருப்பித் தள்ள அடுத்த தோட்டா உள்ளே போகும்.
கண் இமைப்பதற்குள் ஒரு குடித்தனம்.
உதை குறைந்தால்
போல்ட் பாதி தூரம் போய்த் திரும்பிவிடும்.

பாதி தூரம் போய்த் திரும்பியவன் நானும்தான்.
மூன்று வருஷத்துக்கு முன் துபாய் ஏர்போர்ட்டில்
குடியேற்ற கவுண்டர்க்காரன் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.
யாருடைய கடனுக்கோ நான் போட்ட ஜாமீன் கையெழுத்து.
பேரீச்சம்பழப் பெட்டியோடு
வந்த டாக்சியிலேயே திரும்பினேன்.
சரி, அது இருக்கட்டும்.

"எண்ணெய் போடு" என்றான் முராத் பக்ஷ்.
எல்லா நோய்க்கும் அவனிடம் எண்ணெய்தான்.
போன வாரமும் அவன்தான் போட்டிருந்தான்,
பிரியாணிக்கு நெய் ஊற்றுகிற கையால்.
ஷமால் காற்று கொண்டுவந்த மாவு மணல்
அதில் குழைந்து களியாகிக் கிடந்தது.
வழித்தெடுத்தேன், துடைத்தேன்,
மெல்லிசாய் ஒரு பூச்சு.
சுட்டுப் பார்த்தேன்.
மறுபடி நட்டமாய் நின்றது கூடு.

மேகசினை மாற்றினேன். அதே கதை.
விலை கூடின மஞ்சள் பெட்டித் தோட்டாவுக்கு
நான்கு முறை ஒழுங்காய் ஓடி
ஐந்தாவதில் முரண்டு பிடித்தது.
அப்போது பிடிபட்டது:
பசி இருக்கிறது, சோறு போதவில்லை.

சோழி உருட்டிப் பார்ப்பவனைப் போலக் குந்தி
கூடுகள் விழுந்த இடத்தைப் பார்த்தேன்.
ஆறாம் எண் வலப்பக்கம் எட்டடிக்கு எறிகிறது.
ஏழாம் எண் என் செருப்பின் மேல் உதிர்க்கிறது,
எறிய மனமில்லாமல்.

முன்கட்டையைக் கழற்றினேன்.
குழலின் ஒரு பக்கம் மட்டும்
அடுப்படிச் சுவர்போல் கரி.
காஸ் அங்கே கசிந்திருக்கிறது.
துளைமேல் உட்காரவேண்டிய கட்டை
ஒரு நூல் விலகியிருந்தது.
திருகு தளர்ந்திருந்தது. அதன் பக்கத்தில்
புதிதாய் ஒரு சிராய்ப்பு, சிமெண்டின் சாம்பல் நிறம் ஏறி.

இது தானாய்த் தளர்ந்ததல்ல. விழுந்திருக்கிறது.

பதிவேட்டில் செவ்வாய்க்கிழமைக் கையெழுத்து
முராத் பக்ஷ்.
அவன் ஜன்னலுக்கு வெளியே
ஒட்டகம் ஏதோ போவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.
ஒட்டகம் ஒன்றும் போகவில்லை.

துளைக்கு நேரே துளையை வைத்து இறுக்கினேன்.
மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுட்டேன்.
போல்ட் முழுத்தூரம் போய்
பின்னால் திறந்தபடியே நின்றது.
இன்னொன்று. இன்னொன்று.
ஐந்து முறையும் நின்றது.
கூடுகள் எட்டடிக்கு அப்பால் கிணிங் என்றன.

கேப்டன் பதிவேட்டை நீட்டினார்.
கோளாறு என்ற கட்டத்தில் எழுதினேன்: சரிசெய்யப்பட்டது.
காரணம் என்ற கட்டத்தில் பேனா சற்று நின்றது.
மணல், என்று எழுதினேன்.
மணலுக்குச் சம்பளத்தில் பிடிக்க முடியாது.

முராத் பக்ஷ் எண்ணெய்க் குப்பியை எடுத்து
அலமாரியின் கடைசிக்குத் தள்ளினான்.
நன்றி என்று ஒரு பாஷையிலும் சொல்லவில்லை.
எட்டாம் எண்ணைத் தூக்கிவந்து வைத்தான்,
மெதுவாக, இரண்டு கையாலும்.