நான்கெல்லை இல்லாத பத்திரம்

மாடி போர்ஷன் எட்வின்
பென்டிரைவில் தந்த பழைய பிரிட்டிஷ் படம்.
கோட்டுப் போட்ட சாத்தான்
ஒரு டிராம் கண்டக்டரின் ஆன்மாவை
எழுதி வாங்குகிறான்.
சிரிக்க வேண்டிய இடம்.

நிறுத்திப் பார்த்தேன்.
முத்திரைத்தாள் இல்லை. சாட்சி இல்லை.
சொத்து விவரம் எங்கே?
ஆன்மாவுக்குக் கிழக்கே யாருடைய மனை?
பதினெட்டு வருஷமாய் வேலப்பாடியில்
பத்திரம் எழுதுகிறேன்;
இதை எங்கள் சார்பதிவாளர்
மூஞ்சியிலேயே விட்டெறிவார்.

சிரித்தேன்.
ராத்திரி பதினொன்றரைக்கும்
வெயிலை விடாத வேலூர்ச் சுவர்
சிரிப்பைத் திருப்பிக் கொடுத்தது.

கண்டக்டர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறான்.
சாத்தான்தான் பேனா மூடியைக்
கழற்றித் தருகிறான், அக்கறையாக.

செவ்வாய்க்கிழமை.
ஒடுகத்தூரில் வாழ்க்கைப்பட்ட ஜெயக்கொடி,
தம்பிக்கு விடுதலைப் பத்திரம்.
"எங்கக்கா போடணும்?" என்றாள்.
பென்சிலால் புள்ளி வைத்துக் காட்டினேன்.
'எவர் தூண்டுதலுமின்றி, முழு மனதுடன்':
அந்த வரி கம்ப்யூட்டரில் எப்போதும் இருக்கும்.
பெயரை மட்டும் மாற்றுவேன்.
எழுத்துக்கூலி எண்ணூறு.

படம் ஓடிக்கொண்டிருக்கிறது.
சாத்தான் இப்போது அவனுக்கு
டீ வாங்கித் தருகிறான்.
நானும் வாங்கிக் கொடுத்தேன்,
சர்க்கரை கம்மியாக,
அவள் கேட்டபடியே.