கேட் அடைத்த நேரம்

செவ்வாய்க்கிழமை என் முறை.
ஷட்டரைத் தூக்கினால் இன்னும் யூரியா வாடை வரும்.
உரக்கடையாய் இருந்த இடம்தான். வாடகையை
ஏழு பேர் பிரித்துக் கொடுக்கிறோம்,
ஆறு பேர் நேரத்துக்கு.

நீடாமங்கலத்தில் ஓவியம் பார்க்க
யாரும் பஸ் ஏறி வருவதில்லை.
கேட் அடைத்தால் வருவார்கள்.
கூட்ஸ் எஞ்சின் முன்னும் பின்னும் நகர்ந்து
பெட்டி கோக்கும் அந்த நாற்பது நிமிஷம்
தஞ்சாவூர் போகிறவரும் திருவாரூர் போகிறவரும்
வண்டியை அணைத்துவிட்டு
நிழலுக்கு ஒதுங்குவார்கள்.
ஃபேன் சுவிட்ச் எது என்பார்கள்.
பாத்ரூம் இருக்கா என்பார்கள்.
பிறகு, வேறு வழியில்லாமல், சுவரைப் பார்ப்பார்கள்.

ஆவணியில் ஒரு கல்யாண வேனே வந்து நின்றது.
மாப்பிள்ளையின் சித்தப்பா
சகாயமேரியின் மரக்கட்டை அச்சுகளுக்கு முன்னால்
எத்தனை காப்பி போட்டீங்க என்றார்.
பன்னிரண்டு.
"பத்திரிகையே நாங்க ஐநூறு அடிச்சோம்"
பெருமையா பரிதாபமா, தெரியவில்லை.
முகூர்த்தத்துக்கு இருபது நிமிஷம் இருந்தது.

பதிவேட்டில் உள்ளபடி:
"நன்று. குடிக்கத் தண்ணீர் வைக்கவும்."
"நாலாவது படத்து மாடு நடக்கவில்லை, நிற்கிறது."
ஒரு பக்கம் முழுக்க ஏதோ பிள்ளை வரைந்த ரயில்,
எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்பது பெட்டி.

மேம்பாலத்துக்கு அளந்தவர்கள்
எங்கள் வெளிச்சுவரில் சிவப்பில் ஒரு எண் போட்டுப் போனார்கள்.
ஜபருல்லா கிட்டப் போய்ப் பார்த்தார்.
"கை பரவாயில்லை. பிரஷ்தான் மட்டம்."
அன்றைய கூட்டத்தில்
மன்னார்குடிக்கு மாறலாம் என்றார் அமிர்தகடேசன்.
கேட் இல்லாத இடத்தில் எவன் நிற்பான் என்றாள் தையல்நாயகி.
டீ ஆறியது. முடிவில்லை.
கரண்ட் பில் மட்டும் முடிவானது.

இந்த மாதம் ஜபருல்லாவின் படம்.
லாரிக்கு நம்பர் எழுதும் கை.
ஆறடிக்கு நாலடி, எனாமல் பெயின்ட்.
கொள்முதல் நிலையத்து வாசலில்
மூட்டை ஏற்றி நிற்கும் லாரி,
அதன் மேல் தார்ப்பாய், அதன் மேல் மழை.
மழையை மட்டும் பதினோரு நாள் போட்டார்.
நாங்கள் எல்லோரும் மழையைத்தான் சொன்னோம்.

போன செவ்வாய் ஒரு டிரைவர் வந்தார்.
தோளில் துண்டு, பல்லிடுக்கில் குச்சி.
மழையைப் பார்க்கவேயில்லை.
"யாரு போட்டது? முடிச்சு தப்பு.
இது அம்மாபேட்டை தாண்டாது.
பாய் பிச்சிக்கும், நெல்லு அத்தனையும் முளைக்கும்."
எப்படி இருக்கவேண்டும் என்று காட்டக்
கயிறு தேடினார். கயிறு எங்களிடம் இல்லை.
படத்தையே ஆணியிலிருந்து இறக்கினார்.
மாட்டியிருந்த கயிற்றை உருவினார்.
சட்டத்தின் மேல் ஒரு காலை ஊன்றி
ஒரு சுற்று, ஒரு முறுக்கு, மறுபடி உள்ளே விட்டு
இழுத்தார் பாருங்கள்,
சட்டம் முனகியது.
பெயின்ட், பெயின்ட் என்றேன்.
"காஞ்சிருச்சும்மா" என்றார்.
"இழுக்க இழுக்க இறுகும். இந்த வாலைப் புடிச்சா
ஒரே உதறல்ல அவுரும்."

மணி அடித்தது. கேட் தூக்கினார்கள்.
அத்தனை ஹாரனும் ஒன்றாய்.
துண்டை உதறிக்கொண்டு ஓடிவிட்டார்.
படம் சுவரைப் பார்த்தபடி
பார்சல் மாதிரி கட்டுண்டு கிடந்தது.

சாயங்காலம் ஜபருல்லா தரையில் உட்கார்ந்தார்.
வாலை இழுத்தார், அவிழ்ந்தது.
கட்டிப் பார்த்தார், வரவில்லை.
அதற்குள் கேட் இரண்டு முறை மூடித் திறந்தது.
கடைசியில் கேட்டார்:
"வண்டி நம்பர் என்ன?"
நான் பார்க்கவில்லை.
முப்பது வருஷமாய் நம்பர் எழுதுகிறவர்
என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இன்று படம் பழைய ஆணியிலேயே.
முடிச்சு இருந்த இடத்தை பிளேடால் சுரண்டியிருக்கிறார்.
உள்ளங்கை அளவு வெள்ளை.
இரண்டு பக்கமும் கயிறு வந்து நிற்கிறது.
மழை நிற்காமல் பெய்கிறது.
விற்பனைக்கா என்று ஒருவர் கேட்டார்,
இன்னும் முடியவில்லை என்றேன்.

கேட் அடைத்து கால் மணி ஆகிறது.
ஷட்டருக்கு வெளியே, லோடு லாரிகளின் வரிசையில்
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
ஜபருல்லா நடக்கிறார்.
ஒவ்வொன்றின் முன்னும் நிற்கிறார்,
ஓரடி பின்வாங்கி, தலை சாய்த்து.
ஒரு டிரைவர் எட்டிப் பார்த்து என்னவோ கேட்கிறார்.
இவர் ஏதோ சொல்கிறார்.
கூட்ஸ் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.