சுமார் முப்பது பேர்

வினிபெக்கில் இரவுப் பணி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே ஆறு திரைகள்,
ஆறு நாடுகளின் அரசுத் தொலைக்காட்சி.
எங்கே என்ன குழப்பம் என்று
யாரோ ஒரு வங்கிக்கு
காலை ஆறுக்குள் அறிக்கை போக வேண்டும்.
மணிக்குப் பதினெட்டு டாலர்.

மொழி தெரியாத அலைவரிசையிலும்
வாசிப்பவளின் மூச்சு எனக்குத் தெரியும்.
'மக்கள்' என்றிருந்த இடத்தை
'ஒரு குழுவினர்' என்று
யாரோ சிவப்பு மையால் திருத்தியிருந்தால்
அந்தச் சொல்லுக்கு அரை நொடி முன்னே
தொண்டை ஒருமுறை நின்று போகும்.

முதலில் அமைச்சர் பாலம் திறப்பார்.
பிறகு ஒட்டகச்சிவிங்கி குட்டி போடும்.
பதினேழாம் நிமிடம் ஒரு டயர் எரியும்.
அதே டயர்
மூன்று கோணங்களில் எரியும்.
நெரிசலில் ஒரு கர்ப்பிணி, ஒரு அம்புலன்ஸ்,
மருந்து கிடைக்காத ஒரு கிழவர்.
ஊரில் உள்ள துன்பமெல்லாம்
அந்தத் தெருவை மறித்தவர்களால்தான்.
கடைசியில் பவுடர் பூசிய ஒரு பையன்
வெளிநாட்டுக் காசு வாங்கினேன் என்று
கண் இமைக்காமல் சொல்வான்.
சட்டை புதிது. கடை மடிப்பு இன்னும் கலையவில்லை.

பக்கத்து மேசை ஹலினா
மின்ஸ்கில் இருந்து வந்தவள்.
அவள்தான் காட்டித் தந்தாள்:
தலைகளை வெட்டிவிடுவார்கள்,
நிழல்களை மறந்துவிடுவார்கள்.
மாலை நாலு மணிப் படமென்றால்
சட்டகத்துக்கு வெளியே நிற்பவர்கள்
நிழலாய் உள்ளே விழுந்து கிடப்பார்கள்.
பென்சில் முனையால் திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணுவாள்.
'ஒரு சிலர்' என்கிறது செய்தி.
ஹலினா இருநூறு தாண்டிவிட்டாள்.

நான் எண்ணியதில்லை.
எனக்கு எண்ணிக் கொடுத்தார்கள்.
காலை ஆறே முக்கால் செய்தி,
தமிழில் வாசிப்பது நான்.
'சுமார்' என்ற சொல்லை
என்னைப்போல் யாரும் உச்சரிப்பதில்லை என்று
பணிப்பாளர் ஒருநாள் தேநீர் வாங்கித் தந்தார்.

போன சனிக்கிழமை,
நோட்ரடாம் அவென்யூ மளிகைக் கடையில்
பாரை மீன் என்ன விலை என்று கேட்டேன்.
அவ்வளவுதான் கேட்டேன்.
அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இருந்து
ஒருத்தி வந்தாள். ஜெசிந்தாவாம்.

"நீங்கள் ரேடியோவில செய்தி வாசிச்சனீங்கள்."
அது கேள்வி இல்லை.
"எங்களை முப்பது பேர் எண்டனீங்கள்."

நான் மீனைப் பார்த்தேன்.
அவள் கையுறையைக் கழற்றினாள்.

"அண்டைக்குப் பாண் வாங்கினது நான்.
இருநூற்றி ஆறு பாண், ஆளுக்குப் பாதி.
இந்தக் கையாலதான் பிச்சுக் குடுத்தது.
பத்தாமல் போய் நான் சாப்பிடேல்லை."

கோபமாய்ச் சொல்லியிருந்தால் நல்லது.
"உங்கட குரல் நல்ல குரல், அக்கா.
உள்ளுக்கை அவையளுக்கு ரேடியோ போட்டு விடுறவங்கள்.
என்ர அவரும் கேட்டவராம்.
முப்பது பேர்தானே வந்தது எண்டு..."

கல்லாவில் மணி அடித்தது.
அவள் கையுறையை மாட்டிக்கொண்டு
கொத்தமல்லிக் கட்டு ஒன்றை
முகர்ந்து பார்த்துத் திரும்ப வைத்தாள்.
போய்விட்டாள்.
மீனை வாங்கினேனா என்பது நினைவில்லை.

இன்றிரவு நாலாம் திரையில் ஒரு சதுக்கம்.
படிவத்தில் ஒரு கட்டம்: பங்கேற்றோர் எண்ணிக்கை.
வேறு ஆதாரம் இல்லையெனில்
அரசு சொன்னதையே இடுக, என்பது விதி.
அரசு சொல்லிவிட்டது.
வாசிப்பவள் சின்னப் பெண்,
முப்பது வயதிருக்காது,
அழகாய்ச் சொன்னாள்.

பென்சில் கேட்டேன்.
ஹலினா தரவில்லை, அவளுக்கு வேண்டுமாம்.
பேனாவால் எண்ணு, என்கிறாள்.

கண்ணாடியில் மை வழுக்குகிறது.
பதினொன்று. பன்னிரண்டு.
ஹலினா, இங்கே பார்,
இது ஆளா, விளக்குக் கம்பமா?