நூறு வாட் பல்ப்

எங்கள் ஒழுங்கையில்
கடைசிக்கு முதல் வீடு பேதுருப்பிள்ளையுடையது.
படலைக்குக் கட்டுக்கம்பி சுற்றியிருக்கும்.
ஐந்து பெயர் எழுதிய குடும்ப அட்டையோடு
முகாமிலிருந்து தனியாக வந்து இறங்கினவர்
என்பதற்கு மேல்
தருமபுரத்தில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது.
தெரியாததைப் பிள்ளைகள் இட்டு நிரப்பினார்கள்:
பாம்பை வாட்டித் தின்கிறாராம்,
சாமத்தில் கிணற்றோடு கதைக்கிறாராம்.

கடைசி வீடு எங்களுடையது.
விடிய நாலேகாலுக்கு எனக்கு
ஆடைத் தொழிற்சாலை பஸ்.
ஐப்பசி மழையில் ஒழுங்கை கரைந்து
எது பள்ளம் எது பாதை என்று தெரியாமல் போனபோது
அவருடைய வேலியோர வீரைமரத்தில்
ஒரு குண்டு பல்ப் எரியத் தொடங்கியது.
யாருக்கென்று நான் யோசிக்கவில்லை.
சில்லு புதையவில்லை. அது காணும்.

முடக்கில் மாடுகள் படுத்துக் கிடக்கும்.
சைக்கிள் மணியை ஒருதரம் அடிப்பேன்.
அதுகள் அசையாது, சுற்றிக்கொண்டு போவேன்.
தார் றோட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தால்
ஒழுங்கை இருட்டு.
மணிக்கு அசைந்தது மாடு இல்லை என்று
பிடிபட மூன்று மாதம் சென்றது.
ஞாயிறுகளில் பல்ப் எரிவதில்லை.
போயாவிலும் இல்லை.
என் லீவு நாள்களை
என் சூப்பர்வைசரை விட நன்றாக
அவர் அறிந்திருந்தார்.

மாசியில் டெங்கு. நாலு நாள் பாயோடு.
தங்கச்சி சுகிர்தமலர்
கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்:
"அந்த விசர் மனிசன்
பகலிலயும் லைற்றை எரிய விட்டிருக்கு."
காய்ச்சலுக்குள் அது
ஆருடையவோ கனவுபோலக் கேட்டது.

மாதக் கடைசியில் மீற்றர் பார்க்கிற பெடியன்
தண்ணி கேட்டு வந்து நின்றான்.
"பக்கத்து வீட்டில ஆள் இருக்கோ அக்கா?
எப்பவும் மூண்டு யூனிற்.
இந்தமுறை மட்டும் பதின்மூண்டு."

செம்பை வாங்கி வைத்துவிட்டுக் கணக்குப் பார்த்தேன்.
மூன்று என்றால்
வீட்டுக்குள் ஒரு விளக்கும் இல்லை.
மிச்சப் பத்தும்
என் மணி கேட்காத நாலு பகல், நாலு இரவு.

பின்னேரம் மீன்குழம்புச் சட்டியோடு
படலைவரை போனேன்.
கம்பி மூன்று சுற்று.
குறட்டால் முறுக்கி,
நுனியை ஒருவர் கையையும் கீறாதபடி
உள்ளே மடித்திருந்தார்.
அவிழ்க்க மனம் வரவில்லை.
சட்டி சூடாறும்வரை நின்றுவிட்டு வந்தேன்.

அடுத்தநாள் முடக்கில் மாடுகள் இல்லை.
இருந்தும் அடித்தேன், இரண்டுதரம்.
ஒன்று, போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று.
மற்றது எதற்கென்று
அவருக்கு விளங்கியதோ தெரியாது.

பல்ப் அணைய
அன்றைக்குக் கொஞ்சம் பிந்தியது.