பில்லியர்ட் அறையில் மூன்று இரவுகள்

கார்களைப் பம்பலப்பிட்டியிலேயே விட்டுவிட்டுத்
தண்டவாளத்தோரம் நடந்து வந்தார்கள்,
சப்பாத்துக்குள் கடல்மணலோடு.
முன்வாசல் விளக்கை அணைக்கும்படி
எனக்கு உத்தரவு.

பச்சைத்துணி மேசையில் பந்துகள் இல்லை.
ஒரு பக்கம் தேயிலைக் கம்பெனி ஹாரப் தொரை,
மறுபக்கம் மந்திரியின் ஆள் அபேநாயக்க,
கூடவே பாரிஸ்டர் அருணந்தி.
நடுவில் நான், ஐஸ் வாளியோடு.
நான் நின்ற இடத்தில் யாரும் இல்லையென்று
இரண்டு பக்கமும் முதல் இரவே ஒப்புக்கொண்டன.
அதற்குக் கையெழுத்துத் தேவைப்படவில்லை.

முதல் இரவு முழுக்க நீச்சல்குளம்.
கிளப்பில் சேரலாம், தண்ணீரில் இறங்க முடியாது
என்றார் ஹாரப்.
"அப்படியானால் உங்கள் லாபமும்
இங்கே சேரலாம், லண்டனுக்குப் போக முடியாது."
அபேநாயக்க சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.
பிறகு நெடுநேரம் ஐஸ் உடையும் சத்தம்.

இரண்டாம் இரவு எண்ணிக்கை.
வருஷத்துக்கு நாலு பேர். இல்லை, இருபது.
மனைவிமார் சேலையோடு வரலாமா?
கையால் சாப்பிடுகிறவருக்கு எந்த மேசை?
அருணந்தி தன் விரல்களை ஒருதரம் பார்த்துக்கொண்டார்.
பன்னிரண்டில் வந்து நின்றது.
புறக்கோட்டையில் வெங்காயப் பேரம்
இதைவிடச் சுருக்க முடியும்.

மூன்றாம் இரவு மழை.
தட்டச்சுத் தாளில் ஒரு வரி:
நிறபேதமின்றி
இலங்கைப் பிரஜைகள் அனைவரும் விண்ணப்பிக்கலாம்.
அருணந்தி இரண்டு தரம் வாசித்தார்,
இரண்டாம் தரம் குரல் உடைந்தது.
நல்ல மனிதர். நாற்பது வருஷக் காயம் அவருக்கு.

டிக்கோயாவில் பிறந்தவன் நான். என் அப்பனும்.
பிரஜாவுரிமைக் கந்தோரில் என் பைலில்
'ஆதாரம் போதாது' என்று சிவப்பு மை.
சாம் என்று இவர்கள் கூப்பிடும் சோலையப்பன்
அந்த ஒரு வரிக்குள் எங்கேயும் இல்லை.
சோடா கேட்டார்கள். ஊற்றினேன்.

"ஒரு சுவர் விழுந்தது, சாம்"
என்றார் அபேநாயக்க, முதன்முறையாக என் முகம் பார்த்து.
கல்லை யார் அள்ளுவதென்று நான் கேட்கவில்லை.

'ஐரோப்பியர் மட்டும்' பலகையை
விடியுமுன் கழற்றிவிட வேண்டுமாம்.
நாலு ஆணி, இரண்டு துரு.
சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.
பலகை நல்ல தேக்கு.
வனாத்தமுல்லையில் என் கதவுக்கு ஒரு பலகை குறைகிறது.

பிறகு குளத்தில் விழுந்த இலைகளை வலையால் அள்ளினேன்.
மூன்று மணிக்கு, ஏழு வருஷமாகச் செய்வதுபோல்,
வெள்ளை யூனிபோர்மை மடித்து வைத்துவிட்டு
ஆழமான பக்கம் இறங்கினேன்.
மேலே மழை.
சத்தம் வராமல் நீந்தத் தெரியும் எனக்கு.