போக மட்டுமா

மணலும் சில்லறையும் ஒரே இழுப்பறையில் கிடக்கும்.
காலை வண்டிக்கு முன்
பழைய பல்துலக்கியால்
டிக்கெட் மெஷினின் வாயைச் சுத்தம் செய்வேன்.
மண்டபம் கேம்ப்.
பலகையில் இரண்டு புள்ளிகளை
உப்புக்காற்று தின்றுவிட்டது.
"கேமப எங்கே இருக்கு?" என்று
வெளியூர்ப் பிள்ளைகள் ஜன்னலில் கேட்பார்கள்.

சவேரியம்மாள் மீன்கூடைக்கு லக்கேஜ் போட்டதாகச் சாதிப்பாள்.
அவள் தரும் பத்து ரூபாயில்
செதில் ஒன்று ஒட்டியிருக்கும், அதுதான் லக்கேஜ் சீட்டு.
கல்லூரிக்குப் போகும் நஸ்ரின் கூட்டம்
வண்டி ஊதிய பிறகே ஓடிவரும்.
கார்டு கொடியைக் கொஞ்சம் சுணங்கி விரிப்பார்.
விதிப்புத்தகத்தில் அந்த அரை நிமிடம் இல்லை.

யார் வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்:
"போக மட்டுமா, ரிட்டனா?"

இதே மண்ணில் ஒரு காலத்தில்
அதைக் கேட்க ஆளில்லை.
முசிறி, துறையூர், அறந்தாங்கி என்று
மழை பொய்த்த ஊர்களெல்லாம் இங்கே இறங்கின.
முகாமில் அடைத்து, அம்மை ஊசி குத்தி,
உடுதுணியை அவித்து,
கழுத்தில் தகரத்துண்டு மாட்டினார்கள்.
தோட்டத்துக்கு ஓர் எண்.
ஆளுக்கு ஓர் எண்.
பிறகு கடல்.

பேரப்பிள்ளைகளில் சிலர் திரும்பினார்கள்.
ரயிலில் அல்ல.
மணல்திட்டில் இருட்டில் இறக்கிவிடப்பட்டு
ஈரத்துணியோடு
அதே முகாமுக்கு.

நடுவில், பாலம் பழுதென்று
வண்டிகள் கடலுக்கு இந்தப் பக்கமே நின்றுபோன மாதங்கள் உண்டு.
அடுத்த ஸ்டேஷனோடு தண்டவாளம் முடிந்தது.
கங்கைத் தண்ணீர்ச் சொம்போடு இங்கேயே தவறி இறங்கிய ஒருவர்
பிளாட்பார விளிம்பில் நின்று
கடலைத் தேடிக்கொண்டிருந்தார்.
அதைச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை.
புதுப்பாலம் வந்துவிட்டது.
எக்ஸ்பிரஸ்கள் என் தேநீரை நடுங்கவைத்துவிட்டுப் போகின்றன.

நேற்று யோகராணி வந்தாள்.
பிளாஸ்டிக் உறைக்குள் கலெக்டருக்கு மனு,
மகளின் மார்க்‌ஷீட் நகல் மூன்று.
"ராமநாதபுரம் ஒண்டு தாங்கோ அண்ணை."
பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது.

"ரிட்டன்தான். பின்னேரம் ஆறு மணிக்குள்ள
முகாமில கையெழுத்து வைக்கோணும்."

மெஷின் கொஞ்சம் யோசித்து
நீலத்தில் மங்கலாக அச்சடித்தது.
ஐந்து ரூபாய் சில்லறை இல்லை. பிறகு தருவதாகச் சொன்னேன்.
எழுதி வைத்திருக்கிறேன்.
"எந்தப் பக்கம் நிக்கோணும்?"
"ஒரே பிளாட்பாரம்தாம்மா.
போற வண்டியும் வர்ற வண்டியும்
இங்கேதான் நிக்கும்."