ஓர் அங்குல வெள்ளை

இரவு இரண்டே காலுக்குத் தொலைபேசி.
கிரிம்ஸ்பி மருத்துவமனை, ஏழாம் வார்டு,
ஆர்னல்ட் கட்ஸ்ஃபோர்த், வயது எண்பத்தொன்று,
விடியத் தாங்காது என்றாள் செவிலி.

கறுப்புச் சட்டை கிடைத்தது.
காலரைக் காணோம்.
நாய் மென்றிருக்கலாம்.
அடுப்படியில் பாத்திரம் கழுவும் சோப்புப் புட்டி,
வெள்ளை, ஏறக்குறைய காலி.
கத்தரியால் ஒரு பட்டை நறுக்கிக்
கழுத்து மடிப்பில் செருகினேன்.
கார்க் கண்ணாடியில் பார்த்தேன்:
மூன்று வருட இறையியலும்
தலைமேல் பதிந்த பேராயரின் கையும்
ஓர் அங்குலத்தில்,
எலுமிச்சை மணத்தோடு.

அவர் முகத்தைப் பார்க்கவில்லை.
கழுத்தைத்தான் பார்த்தார்.
"போ" என்றார். குரலில்லை, உதடு மட்டும்.
சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகள் லொரெய்ன் கிசுகிசுத்தாள்:
"அப்பா இழுவைப் படகுல இருந்தவர்.
துறைக்குப் போற வழியில பாதிரி எதிர்ப்பட்டா
அன்னிக்குக் கடலுக்குப் போகமாட்டாங்க."

ஆக, நான் சகுனத்தடை.
பெண் குருவா என்று
நற்கருணை வாங்காமல் எழுந்து போனவர்கள் உண்டு,
அது பழகிவிட்டது.
காலருக்காக விரட்டப்படுவது
இதுதான் முதல் தடவை.

நடைவழியில் நின்று பட்டையை உருவினேன்.
உட்பக்கம் பச்சை எழுத்து, பொடிப்பொடியாக:
கண்ணில் பட்டால் நீரால் கழுவவும்.
குழந்தைகளுக்கு எட்டாத
மீதியைக் கத்தரி தின்றிருந்தது.

அதை அவரிடமே கொண்டுபோய் நீட்டினேன்.
வளைத்தார். முகர்ந்தார்.
நெஞ்சு குலுங்கியது, இருமல் என்று பயந்தேன்.
சிரிப்பு.

திறந்த கழுத்தோடு உட்கார்ந்தேன்.
தொண்டைக் குழியில் வார்டின் குளிர்.
அவர் ஜெபம் கேட்கவில்லை.
பெயர்கள் சொன்னார்:
பெர்சி ஹாக்ஸ்வெல்,
ஊல்மர் சகோதரர் இருவர்,
பதினாறு வயதுச் சமையல் பையன்,
அவன் பெயர் மட்டும் வரவில்லை,
இரண்டு முறை தேடினார்.
ஐஸ்லாந்துக்கு வடக்கே
பாய்மரக் கம்பம் வரை பனி ஏறிப்
படகு கவிழ்ந்த இரவு.
"துறை வாசல்ல ஒரு பாதிரி நின்னான்.
நான் வீட்டுக்குத் திரும்பிட்டேன்.
அவங்க போனாங்க."

லொரெய்ன் இதைக் கேட்டதேயில்லை.
அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

நான்கு மணிக்கு
பட்டைக்காகக் கை நீட்டினேன்.
அவர் மூடிய விரல்களைத் திறக்கவில்லை.
"போட்டுக்காதே" என்றார்,
"இந்தத் தடவை நான் போகணும்."

போனார், ஐந்தரைக்கு.
விரலைப் பிரித்து எடுக்க
எனக்கு மனம் வரவில்லை.

வீட்டில்
இடுப்பு அறுந்த புட்டி சாய்ந்து
தொட்டியெல்லாம் நுரை.
எட்டு மணி ஆராதனைக்கு
அதில் இன்னொரு பட்டைக்கு இடம் இருந்தது.